கூரையில் மிஞ்சும் கரண்ட் உண்மையில் மிச்சமா?

கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வெந்நீருக்குச் செலவழிப்பது திருகோணமலைக்காரருக்குக் கொஞ்சம் கூச்சம்தான். அங்கே ஏழு கிணறுகளிலும் நிலம் சும்மா தருகிறதே. ஆனால் உப்புவெளியில் விடுதி நடத்துபவர் அங்கிருந்து வாளியில் அள்ளிவர முடியாது. அதனால் வயரிங் வேலைக்குப் போகும் இடமெல்லாம் என்னிடம் ஒரே கேள்விதான்: "தம்பி, பகலில சோலார் கரண்ட் மிஞ்சுது. அதில தண்ணி சுட வைக்க ஒரு டைவேர்ட்டர் பூட்டுவமா?" மிஞ்சும் கரண்டை லைனுக்கு விடாமல் ஹீட்டருக்குத் திருப்பும் கருவிதான் டைவேர்ட்டர்.

சரி, முதலில் கூரை சோலாருக்கு மின்சார சபையோடு எழுதிய ஒப்பந்தத்தை எடுங்கள் என்பேன். நெட் பிளஸ் என்றால் கூரையில் விளைவது முழுக்கத் தனி மீற்றர் வழியாக லைனுக்குப் போகிறது. வீட்டுக்குள் மிஞ்ச எதுவுமே இல்லை. நெட் மீற்றரிங்கில் பகலில் அனுப்பிய யூனிட் இரவு எடுக்கும் யூனிட்டில் கழிகிறது. நெட் அக்கவுண்டிங்கிலும் அப்படித்தான், கழித்து மீந்ததற்குக் காசு வரும். அதாவது லைனே உங்கள் பற்றரி. ஹீட்டரைப் பகலில் போட்டாலும் இரவில் போட்டாலும் பில்லில் ஒரே கணக்கு. இதற்கு டைவேர்ட்டர் வாங்குவது வீண் செலவு. லைனுக்கு அனுப்பாமல், பற்றரி நிறைந்த பிறகு உற்பத்தியைத் தானே குறைத்துக்கொள்ளும் ஹைபிரிட் அமைப்பில்தான் உண்மையான மிச்சம் உண்டு. அங்கே தாராளமாகப் பூட்டலாம்.

ஒரு கணக்குப் பாருங்கள். 100 லீற்றர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 60 பாகைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 3.7 யூனிட் வேண்டும். 1.5 கிலோவொட் ஹீட்டர் இரண்டரை மணி நேரம் ஓடும். 2016 இல் வந்த நெட் அக்கவுண்டிங் ஒப்பந்தத்தில் முதல் 7 வருடம் யூனிட்டுக்கு 22 ரூபா, பிறகு 15.50. அந்தக் காலத்தில் எழுதியவர்கள் இப்போது 15.50க்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்கு ஒரு தாங்கி வெந்நீர் 57 ரூபா வருமான இழப்பு. அதே தண்ணீரைக் காஸில் சுட வைக்க எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

பில்லில் வித்தியாசம் இல்லாவிட்டாலும் பகலிலேயே போடுங்கள். மாலை 6.30 முதல் 10.30 வரை நாடே கரண்ட் இழுக்கிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலோ பகலில் கரண்டுக்குத் தேவை குறைந்ததால் கூரை சோலாரை நிறுத்திவைக்கச் சொன்னது மின்சார சபை. காலை 10.30க்குத் தொடங்கும் டைமர் ஒன்று போதும். ஆனால் குளியலறையில் பூட்டும் இன்ஸ்டன்ட் ஹீட்டருக்கு இது சரிவராது. சூட்டைச் சேர்த்துவைக்க அதில் தாங்கி இல்லையே.

60 பாகை என்று சும்மா சொல்லவில்லை. இளஞ்சூட்டில் தேங்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும். மழைக்காலத்தில் மாதக்கணக்காகப் பூட்டிக்கிடக்கும் விடுதி அறைகளில் இதைக் கவனிக்க வேண்டும். 60 பாகைத் தண்ணீர் தோலைச் சுட்டுவிடும் என்பதால் குழாயில் பச்சைத்தண்ணீர் கலந்தே வர வேண்டும்.

என்னைப் பயப்படுத்தியது வேறு ஒன்று. நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதியில் ஹீட்டரின் பாதுகாப்பு வால்வு சொட்டுகிறதென்று யாரோ அதன் வாயை மூடி இறுக்கியிருந்தார்கள். அந்த 100 லீற்றர் சூடாகும்போது ஒன்றேகால் லீற்றருக்கு மேல் விரியும். அது வெளியே வரத்தான் அந்த வால்வு. அதை மூடிய பிறகு தேர்மோஸ்டாட்டும் பழுதானால் தாங்கி குண்டுபோல வெடிக்கலாம். மூடியைக் கழற்றி, சொட்டும் தண்ணீரைக் குழாயில் வெளிக் கானுக்கு இறக்கினேன். "அப்ப இது ஒழுக்கு இல்லையா?" என்று முதலாளி இரண்டு தடவை கேட்டார்.