தடைக்காலம் 61 நாள், நெஞ்செலும்புக்கு 84

பாம்பனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு ஏப்ரல் 20ஆம் தேதி பைபாஸ் நடந்தது. இப்போது நன்றாக நடக்கிறார், மாடிப்படிகூட ஏறுகிறார். ஜூன் 14ஓடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. மறுநாளே விசைப்படகில் போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். விடலாமா?"

இதயத்தைப் பற்றித்தான் எல்லோருக்கும் கவலை. அடைப்பைத் தாண்டி ரத்தம் போகக் காலிலிருந்தோ மார்பிலிருந்தோ எடுத்த குழாயை இணைத்திருப்பார்கள். பெரும்பாலானோருக்கு அந்தப் பக்கம் சில வாரங்களில் தேறிவிடும். வலை இழுப்பவர் கேட்க வேண்டியது நெஞ்செலும்பைப் பற்றி.

இதயத்தை எட்டுவதற்காக அதை மேலிருந்து கீழாக ரம்பத்தால் பிளப்பார்கள். அப்புறம் எஃகுக் கம்பியைப் பல இடங்களில் சுற்றி முறுக்குவார்கள். கான்கிரீட் வேலையில் கட்டுக்கம்பி முறுக்குவதைப் போலத்தான். கம்பி பிடித்து மட்டுமே வைக்கும். ஒட்டுவது உடம்பின் வேலை.

எனக்கு அலுக்காத இடம் இதுதான். தோல் கிழிந்தால் தழும்பு விழும். எலும்பு அப்படியில்லை, பழையபடி எலும்பாகவே வளர்ந்து சேரும். முதலில் பிளவில் ரத்தம் உறையும். இரண்டு மூன்று வாரங்களில் அங்கே நாரும் குருத்தெலும்பும் நிரம்பும். இளநீர் வழுக்கை மாதிரி, தொட்டால் அமுங்குகிற பதம். அதற்குள் நூலைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் இரு பக்கமிருந்தும் ஊர்ந்து வரும். அவை வந்து சேர்ந்த இடத்தில்தான் சுண்ணாம்புச் சத்து படிந்து வழுக்கை முற்றும். மூச்சு விடும்போது வரும் சிறு அசைவை இந்த ஏற்பாடு தாங்கிக்கொள்ளும். பெரிய இழுப்பு வந்தால் அந்தக் குழாய்கள் அறுந்துபோகும். ரத்தம் எட்டாத இடம் நாராகவே நின்றுவிடும். இருமினால் நெஞ்சுக்குள் 'டக்' என்று கேட்கும்.

மார்புத் தசையின் ஒரு முனை நெஞ்செலும்பில், மறுமுனை மேல்கையில். முழங்கை விலாவை ஒட்டியிருந்தால் எலும்புக்கு இழுப்பு குறைவு. கையை நீட்டி வலையை இழுத்தால் இரண்டு பாதியும் எதிரெதிரே இழுபடும். படகு ஆடும்போது சட்டென்று எதையாவது எட்டிப் பிடிப்போமே, அது இன்னும் மோசம்.

ஆட்டுக்கால் சூப் எலும்பை ஒட்டவைக்கும் என்பார்கள். புரதம் கிடைக்கும், சரி. கொழுப்பும் உப்பும் கூடவே வரும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் பீடியை விடுவதும் சூப்பைவிட எலும்புக்கு அதிகம் உதவும். அறுவைச் சிகிச்சைக்குக் காப்பீடு கொடுக்கும் அரசு, அதன்பின் எப்படித் தூக்குவது, எப்படி இழுப்பது என்று பழக்கிவிடவும் கடலோரத்தில் ஆள் போட வேண்டும் என்பது என் கட்சி.

கணக்குக்கு வருவோம். ஜூன் 14 அன்று அப்பாவுக்கு 55 நாள்தான் ஆகியிருக்கும். கடும் வேலைக்குப் பொதுவாகச் சொல்வது 12 வாரம், அதாவது ஜூலை 13. அதற்கு முன்னால் மருத்துவர் நெஞ்சை அழுத்திப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அதுவரை கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைக்கலாம். முழங்கை விலாவை விட்டு விலகாத வேலை அது. தைத்த வலையைப் படகில் தூக்கிப்போட மட்டும் வேறு ஆளைக் கூப்பிடச் சொல்லுங்கள்.