பாவாடையை ஏற்றிக் கட்டிக் குளித்தவர்கள்

நான் நர்ஸ். கோவைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஆயாம்மா ஒருவர் என்னை எச்சரித்தார்: "மூணாவது கட்டில் பாட்டி அடிக்கும் சிஸ்டர். குளிக்க வைக்கறப்ப கிட்டப் போயிராதீங்க."

அந்த அம்மாவுக்கு எண்பது தாண்டியிருந்தது. மறதி நோய். மற்ற நேரங்களில் யாரையும் ஒரு சொல் கடிந்து பேசமாட்டார். குளியலறைக்குள் கூட்டிப்போய் நைட்டியைக் கழற்றியதும்தான் கை ஓங்கும். பிறாண்டுவார், கடிப்பார். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் தண்ணீர் ஊற்றுவார். மூன்று பேர் உள்ளே நின்றால் கதவைச் சாத்த இடமிருக்காது, அதனால் கதவு திறந்தே கிடக்கும். அவருடைய ஃபைலில் "குளிக்க ஒத்துழைப்பதில்லை" என்று நாங்கள் எழுதி எழுதி, கடைசியில் டாக்டரிடம் மாத்திரை கேட்கலாமா என்று யோசிக்கும் அளவுக்கு வந்துவிட்டோம்.

அப்போதுதான் அவருடைய தங்கை பார்க்க வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "அக்கா வாய்க்கால்ல குளிச்சு வளந்தவங்க கண்ணு. பாவாடையை மாரளவுக்கு ஏத்திக் கட்டாம தண்ணியில காலே வைக்க மாட்டாங்க. கட்டின புருசன் முன்னாடிகூட அப்படி நின்னிருக்க மாட்டாங்க."

மறுநாள் பாவாடை நாடாவை அக்குளுக்குக் கீழே கட்டிவிட்டு, ஒரே ஒரு ஆயாம்மாவை மட்டும் உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினோம். முதல் தண்ணீர் காலில். மக்கை அவர் கையிலேயே கொடுத்தோம். அடிக்கவில்லை. குளித்து முடித்ததும், ஈரப் பாவாடைக்கு மேலே காய்ந்த பாவாடையைத் தலைவழியாகப் போட்டு, பல்லில் கவ்விக்கொண்டு, உள்ளே நாடாவை அவிழ்த்து ஈரத்துணியைக் காலடியில் நழுவவிட்டார். பிள்ளைகள் பெயரை மறந்தவர். அந்தக் கை வேலையை மறக்கவில்லை. நாங்கள் "அடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது அவருடைய கூச்சம். மாதக்கணக்கில் அவரை அம்மணமாக நிற்கவைத்துவிட்டு, அவர் அடிக்கிறார் என்று நாங்கள் புகார் சொல்லிக்கொண்டிருந்தோம்.

படுக்கையில் கிடப்பவரை எப்படித் துடைத்துவிட வேண்டும் என்று நர்சிங் முதல் வருடத்திலேயே சொல்லித்தருகிறார்கள். ஸ்கிரீன் போட வேண்டும். தொடுவதற்கு முன் சொல்ல வேண்டும். எந்தக் கையைத் துடைக்கிறோமோ அந்தக் கையை மட்டும் போர்வைக்கு வெளியே எடுக்க வேண்டும். முடிந்தவர் கையில் துணியைக் கொடுத்து மறைவிடத்தை அவரையே துடைக்கச் சொல்ல வேண்டும். இருபது பேருக்கு இரண்டு ஆயாம்மாக்கள் என்று ஷிஃப்ட் போடும்போது முதலில் காணாமல் போவது அந்த ஸ்கிரீன்தான். ஆயாம்மாக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. குறைந்த சம்பளத்துக்கு, முதுகு ஒடியும் வேலை. ஆனால் கதவைச் சாத்தவும் போர்வையை இழுத்துவிடவும் ஆகிற நேரம் சில நொடிகள்தான்.

ஆண்களுக்கும் இதே கூச்சம் உண்டு. மகள் வயதுப் பெண் வந்து துடைக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு, தூங்குவது போல் கிடந்த பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். "ஆம்பளையாளு யாராவது இருக்காங்களா?" என்று கேட்க நா எழாது. நாம்தான் கேட்க வேண்டும்.

டயபர் விஷயத்திலும் இதுதான் நடக்கிறது. கைத்தாங்கலாகப் பிடித்தால் பாத்ரூம் வரை நடக்கக்கூடியவருக்கு, ஆள் இல்லை என்பதற்காக டயபர் கட்டிவிட்டு "அதுலயே போங்க" என்கிறோம். எழுபது எண்பது வருடமாக அடக்கப் பழகிய உடம்பிடம் இதைச் சொல்வது எவ்வளவு பெரிய அவமானம்! கொஞ்ச நாளில் அடக்கும் சக்தியே குறைந்துபோகலாம். ஈரத்தில் கிடந்து தோல் புண்ணாகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கூட்டிப்போனால் பலருக்குப் பகலில் டயபரே தேவைப்படாது. அப்புறம், சாப்பாட்டுக் கூடத்தில் நின்று கடைசி மேஜை வரை கேட்கிற மாதிரி "பாட்டி, இன்னிக்கு மோஷன் போனீங்களா?" என்று கேட்பது. கேட்க வேண்டிய கேள்விதான், மலச்சிக்கல் வயதானவர்களைப் படுத்திவிடும். காதருகில் குனிந்து கேட்கலாம் இல்லையா?

முடி வெட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேன் வரும், சீவிவிட ஆளில்லை என்று பல இடங்களில் பெண்களுக்கு ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். சேரும்போது கொண்டை போட்டிருந்தவர் பத்தாம் நாள் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிடுகிறார். பேனுக்கு மருந்து இருக்கிறது, பேன் சீப்பு இருக்கிறது, ஒரு வாரம் பத்து நாள் கழித்து இன்னொரு தடவை போட்டால் தீர்ந்துவிடும். மனநலச் சிகிச்சை பெறுபவர்களுக்காக வந்த 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், யாருக்கும் கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது, சொந்தத் துணி உடுத்த விரும்பினால் சீருடையைத் திணிக்கக் கூடாது என்று 20-ஆவது பிரிவில் எழுதியே வைத்திருக்கிறது. மனநல மருத்துவமனையிலேயே கூடாது என்றால் முதியோர் இல்லத்தில் மட்டும் எப்படிச் சரியாகும்?

என்னை உறுத்திக்கொண்டே இருக்கும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன்.

பிறந்தநாள், நினைவுநாள் என்றால் இல்லத்தில் சாப்பாடு போடுவது நம் ஊரில் நல்ல வழக்கம். பல இல்லங்களில் அடுப்பு எரிவதே அதனால்தான். நான் முன்பு வேலை பார்த்த இல்லம் ஒன்றில், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு ஒரு குடும்பம் வந்தது. அன்பானவர்கள். வடை பாயசத்தோடு சாப்பாடு. கூடவே வீடியோ எடுக்க ஒரு பையன். எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, தட்டைக் கொடுக்கும்போது கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். அந்த வரிசையை ஒழுங்குபடுத்தியது நான்தான்.

வரிசையில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் இருந்தார். மகனோடு பெங்களூரில் இருப்பதாகத்தான் சொந்த ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவரே அப்படிச் சொல்லிவிட்டு வந்திருந்தார். வீடியோ யூடியூபில் ஏறி, வாட்ஸப்பில் சுற்றி, நாலாம் நாள் அவருடைய ஊருக்கே போய்ச் சேர்ந்தது. பழைய மாணவர் ஒருவர் அழுதுகொண்டே போன் செய்தார். பேசிவிட்டு வந்த டீச்சரம்மா என்னிடம் கேட்டார்: "கண்ணு, அந்தப் படத்துல நான் தட்டை ஏந்திட்டு நிக்கறனா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

வீடியோவை நீக்கச் சொல்லிக் கேட்டோம், அந்தக் குடும்பமும் உடனே நீக்கிவிட்டது. ஆனால் அதற்குள் யார் யார் போனிலோ அது இறங்கியிருந்தது. அந்தரங்கம் என்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். இல்லத்தின் கேட்டுக்குள் வந்ததும் அது காலாவதியாகிவிடாது. அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது என்று வாசலில் போர்டு வைத்தால் மட்டும் போதாது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, அன்பளிப்பு கொடுப்பவர் எதிரில் இல்லாத நேரத்தில், படம் எடுக்கலாமா என்று கேட்க வேண்டும். எதிரில் வைத்துக் கேட்டால் யார் மறுப்பார்கள், சோறு போடுகிறவர் அவர்! மறதி நோய் முற்றியவரிடம் கேட்டு வாங்கும் சம்மதம் சம்மதமே இல்லை. அவர்களைப் படம் எடுக்கவே வேண்டாம். உணவு கொண்டுவருபவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: போனைப் பைக்குள் வைத்துவிட்டு, நீங்களும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், அம்மாவின் அறையில் கேமரா வைத்துத் தங்கள் போனில் தெரியும்படி செய்யச் சொல்கிறார்கள். கவலை புரிகிறது. வராந்தாவில், வாசலில், சாப்பாட்டுக் கூடத்தில் இருக்கட்டும். கட்டிலுக்கு நேராக வைத்தால், அவர் துணி மாற்றுவதையும் மகனும் மருமகனும் பார்க்க நேரிடும். கேமராவுக்குப் பதிலாக, தினமும் ஒரு போன். ஆயாம்மா ஸ்பீக்கரில் பிடித்துக்கொண்டு நிற்காமல், அவர் தனியாகப் பேசும்படி. ஏதாவது தவறு நடந்தால் அவரே சொல்ல அந்தத் தனிமை வேண்டும்.

இல்லம் பார்க்கப் போகிறவர்கள் டைல்ஸையும் தோட்டத்தையும் பார்த்தது போதும். குளியலறைக் கதவைச் சாத்திப் பாருங்கள், சாத்த முடிகிறதா என்று. கட்டில்களுக்கு நடுவே ஸ்கிரீன் இருக்கிறதா, ஊழியர்கள் அறைக்குள் நுழையும்முன் குரல் கொடுக்கிறார்களா, பெட்டிக்குப் பூட்டும் சாவியும் அங்கே தங்கியிருப்பவரிடமே இருக்கிறதா என்று பாருங்கள். மனதுக்குத் தவறாகப் பட்டால் மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567 இருக்கிறது, கட்டணமில்லை.

டீச்சரம்மாவைப் போன மாதம் போய்ப் பார்த்தேன். நன்றாகப் பேசினார், என் மகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார். சாப்பாட்டு மணி அடித்ததும் கூடவே போனேன். அன்று வெளியாட்கள் யாரும் வரவில்லை. இருந்தாலும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டியபடிதான் உட்கார்ந்தார்.