பாய்மரப் படகுக்காரர் எங்கே பார்க்கிறார்?

சித்திரை, வைகாசியில் மதியம் ஒரு மணி சுமாருக்குக் காசிமேடு கருங்கல் தடுப்பின்மேல் நின்று கிழக்கே பார்த்தால், கடல்காற்று மேலே படுவதற்கு முன்பே அது வருவது தெரிந்துவிடும். வெளுத்துக் கிடக்கும் தண்ணீரில் அங்கங்கே கருப்புத் திட்டுகள் நகர்ந்து வரும், கொஞ்ச நேரத்தில் சட்டை படபடக்கும். மேகத்தின் நிழல் என்று நினைப்பவர்கள் உண்டு. நிழல் இல்லை. காற்று பட்ட இடத்தில் விரல் அகலம்கூட இல்லாத பொடிச் சுருக்கங்கள் கிளம்புகின்றன. வழவழப்பான தண்ணீர், தூரத்தில் அடிவானத்தின் வெளிச்சத்தை அப்படியே நம் கண்ணுக்கு அனுப்பும். சுருக்கம் விழுந்ததும் அந்தப் பரப்பு நம் பக்கம் சாய்வதால் வெளிறிய அடிவானத்துக்குப் பதில் அதற்கு மேலே உள்ள கருநீல வானம் அதில் தெரிகிறது, திரும்பி வரும் வெளிச்சமும் குறைகிறது. அவ்வளவுதான் விஷயம். (சூரியன் இருக்கும் திசையில் இதே திட்டு கருப்பாக இருக்காது, கண் கூச மினுக்கும்.)

பாய்மரப் படகுப் போட்டியில் பாதி வேலை இந்தத் திட்டுகளைப் படிப்பதுதான். நம் சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரீஸ் ஒலிம்பிக்குகளில் ஓட்டியது நாலு மீட்டருக்குச் சற்றே அதிக நீளமுள்ள ஒற்றை ஆள் படகு. போட்டி தொடங்கிவிட்டால் பயிற்சியாளர் வாய் திறக்கக் கூடாது, விதி அப்படி. காற்றுக்கு நேர் எதிரே எந்தப் படகும் போகாது, சுமார் 45 டிகிரி சாய்த்து வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். அதனால் காற்றின் திசை 10 டிகிரி திரும்பினாலே, பின்னால் வந்துகொண்டிருந்தவர் வேகத்தைக் கூட்டாமலே முன்னால் வந்துவிடலாம். 100 மீட்டருக்கு அப்பால் தெரியும் ஒரு திட்டு, வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வருகிறது, படகும் அதை நோக்கிப் போகிறது என்றால் கையில் இருப்பது பத்துப் பன்னிரண்டு வினாடி. அதற்குள் உடம்பை வெளியே சாய்ப்பதா, படகைத் திருப்புவதா, அல்லது அந்தத் திட்டை விட்டுவிடுவதா என்று முடிவெடுத்தாக வேண்டும்.

சரி, அந்தப் பத்து வினாடியில் கண்ணால் எவ்வளவு பார்க்க முடியும்? நாம் நினைப்பதைவிட ரொம்பக் குறைவு. விழித்திரையின் நடுவில் உள்ள ஒரு சின்னக் குழிதான் எதையும் தெளிவாகப் பார்க்கும். அதன் வீச்சு ஏறக்குறைய 2 டிகிரி, கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தால் அது மறைக்கிற அளவு. மீதி எல்லாம் மங்கல். அதனால் கண் வினாடிக்கு மூன்று நான்கு முறை தாவிக்கொண்டே இருக்கிறது, தாவும் நேரத்தில் வரும் படத்தை மூளை தள்ளிவிடுகிறது. ஆக, பத்து வினாடிக்கு முப்பது முப்பத்தைந்து பார்வை. காற்று எப்படி ஓடுகிறது என்று காட்டப் பாயில் ஒட்டியிருக்கும் கம்பளி நூல், சுற்றி வர வேண்டிய மிதவை, பக்கத்துப் படகு எவ்வளவு சாய்கிறது, தூரத்துத் திட்டுகள், எல்லாவற்றையும் இதற்குள் பங்கிட வேண்டும்.

புதிதாகக் கற்பவர் இதில் பெரும்பகுதியைப் பாய்க்கும் சுக்கானுக்குமே செலவழித்துவிடுவார். பழகியவருக்குச் சுக்கானின் இழுப்பு கையிலும் படகின் சாய்வு இடுப்பிலும் தெரிந்துவிடும். தண்டையார்பேட்டை ஷேர் ஆட்டோ அண்ணன் கியரைக் குனிந்து பார்த்தா மாற்றுகிறார்? இப்படி மிச்சமாகும் பார்வைதான் படகுக்கு வெளியே போகிறது. கண் கூர்மையில் இல்லை வித்தியாசம். 1973-இல் சேஸ், சைமன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சதுரங்க வீரர்களுக்குப் பலகையை 5 வினாடி காட்டி, காய்களை நினைவிலிருந்து திரும்ப அடுக்கச் சொன்னார்கள். உண்மையான ஆட்டத்தின் நிலை என்றால் மாஸ்டர் அள்ளிக்கொண்டு போனார், காய்களைக் கன்னாபின்னாவென்று வைத்தபோது அவருடைய மேன்மை கிட்டத்தட்டக் காணாமல் போயிற்று. கடலிலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன்.

இதை அளப்பதுதான் பெரும்பாடு. ஐ டிராக்கர் கண்ணாடி அகச்சிவப்பு ஒளியைக் கண்ணில் பாய்ச்சி, பாவை எங்கே திரும்புகிறது என்று கணக்குப் போடும். ஆனால் வெயிலிலேயே அகச்சிவப்பு கொட்டிக் கிடக்கிறது, போதாக்குறைக்கு ஆள் கண்ணை இடுக்கிக்கொள்வார், லென்சில் உப்புத் தண்ணீர் தெறிக்கும். ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் இதையெல்லாம் சமாளித்து, மிதவையைச் சுற்றும்போது வீரர்களின் பார்வை எங்கே போகிறது என்று தண்ணீரிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். வேறு சிலர் சிமுலேட்டரோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அங்கே காது மடலில் காற்று படாது. இரண்டிலும் ஒரு சிக்கல் பாக்கி: கண் ஒரு இடத்தில் நிற்பதாலேயே மனசும் அங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது. தூரத்துத் திட்டை ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டே மிதவையைப் பார்க்கலாம்.

நம்மூரில் யாராவது இதில் பிஎச்டி செய்வதாக இருந்தால், துறைமுகத்துக்குள் பயிற்சி எடுக்கும் வீரர்களோடு, பாய் கட்டிக் கட்டுமரம் ஓட்டிப் பழகிய காசிமேட்டுப் பெரியவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். திட்டு நகரும் வீடியோவைப் பாதியில் நிறுத்தி, பத்து வினாடி கழித்து அது எங்கே இருக்கும் என்று இரு தரப்பையும் கேட்க வேண்டும், கூடவே என்னைப் போலக் கரையிலேயே நிற்கும் ஆட்களையும். ட்ரோனில் எடுத்த வீடியோ மட்டும் உதவாது. படகில் உட்கார்ந்திருப்பவரின் கண் தண்ணீருக்கு மேல் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில்தான் இருக்கும், அங்கிருந்து பார்த்தால் தூரத்துத் திட்டெல்லாம் நசுங்கி ஒரே கோடாகத் தெரியும்.