டிமென்ஷியா: ‘ஞாபக மறதி’ அல்ல, அறிதிறன் தேய்வு

வண்ணாரப்பேட்டை, பெரம்பூர்ப் பக்கத்து முதியோர் இல்லங்களில் புதிதாகச் சேரும் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர்கள், ‘டிமென்ஷியா என்றால் ஞாபக மறதி நோய்’ என்றுதான் பாடத்தையே ஆரம்பிக்கிறார்கள். பத்திரிகைகளிலும் அதே சொல். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

டிமென்ஷியா லத்தீனிலிருந்து வந்த சொல். ‘டி’ என்றால் நீங்குதல், ‘மென்ஸ்’ என்றால் மனம், மதி. அப்படியே பெயர்த்து ‘மதியிழப்பு’ என்றால் வசவாகிவிடும். ‘மனச்சிதைவு’ ஸ்கிசோஃப்ரினியா என்ற வேறொரு மனநோய்க்கு நிலைத்துப்போன பெயர். இரண்டும் வேண்டாம்.

‘ஞாபக மறதி’க்கு வருவோம். மறதி என்றாலே ஞாபகம் தப்புவதுதான். முன்னால் இன்னொரு ஞாபகம் எதற்கு? ‘நடு சென்டர்’ மாதிரி இருக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். டிமென்ஷியா ஒரே நோயின் பெயர் அல்ல. அல்சைமர், மூளை ரத்தக்குழாய் அடைப்பு என்று பல காரணங்களால் வரும் நிலை. சிலருக்கு முதலில் மாறுவது குணம். சிலருக்குப் பேச்சு தடுமாறும், சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும். இத்தனையையும் மறதிக்குள் அடைத்தால், ‘வயசானா மறதி சகஜம்’ என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடுவார்கள்.

அதோடு, தமிழில் மறதி ஒரு குற்றம். ‘நெடுநீர் மறவி மடிதுயில்’ என்று குறள் மறதியைக் காலந்தாழ்த்துதல், சோம்பல், தூக்கத்தோடு ஒரே வரிசையில் வைக்கிறது. மறந்தவரைக் கண்டித்து நினைவுபடுத்துவதே நம் பழக்கம். ஊழியர்களும் அதையே செய்கிறார்கள்.

பி அண்ட் சி துணி மில்லில் வேலை பார்த்த ஒரு பெரியவர், “சங்கு ஊதிட்டாங்கோ, ஷிஃப்டுக்கு நேரமாச்சு, சட்டைய எடும்மா” என்கிறார். மில் 1996-லேயே மூடியாயிற்று. மறதி என்று படித்த பெண், “மில்லு மூடி எத்தினி வருசம் ஆவுது தாத்தா, மறந்துட்டியா?” என்பார். அவருக்குக் கோபம் வரும், கதவைத் தட்டுவார், அன்றைக்குச் சாப்பாடும் இறங்காது. சரியாகப் பயிற்சி பெற்றவர் எதிரில் வந்து, அவர் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து, “உனக்குத் தறியில வேலையா தாத்தா?” என்று ஒரே கேள்வி கேட்பார். பதில் வரும்வரை காத்திருப்பார். பேச்சு தறிப் பக்கம் போனபின், “டீ குடிச்சிட்டுப் போலாமா?” என்பார். “நான் யாரு, சொல்லு பாப்போம்” என்று பரீட்சை வைக்கவே மாட்டார்.

அதனால்தான் ‘அறிதிறன் தேய்வு’ என்கிறேன். புரிந்துகொள்வது, பேசுவது, திட்டமிடுவது, நினைவில் வைப்பது எல்லாம் அறிதிறனில் அடங்கும். ‘இழப்பு’ என்பதும் எனக்கு உடன்பாடில்லை. எல்லாம் போய்விட்டது என்று ஆகிவிடும். தேய்வு என்றால் இன்னும் மிச்சம் இருக்கிறது, அந்த மிச்சத்தோடுதான் ஊழியர் பேச வேண்டும். ஜப்பானில் பழைய சொல் மடமையைக் குறித்து இழிவுபடுத்தியதால், 2004-ல் அரசே அதை விட்டுவிட்டு அறிதலைச் சுட்டும் புதுச் சொல்லைக் கொண்டுவந்தது.

‘அறிதிறன்’ வாயில் நுழையாது என்று மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லலாம். மூட்டு வலிக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் ஆயாக்கள் ‘எலும்புத் தேய்மானம்’ என்று தடையில்லாமல் சொல்கிறார்கள். பேச்சில் ‘மூளைத் தேய்மானம்’ என்று சொல்லிக்கொடுங்கள், எழுத்தில் ‘அறிதிறன் தேய்வு’ என்று போடுங்கள். மருந்துச் சீட்டில் டிமென்ஷியா என்றே இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.