தலைக்கு மேலே ஓர் இருட்டறை

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வராந்தாவில் காத்திருந்தபோது, கூட வந்த ஏழு வயது மகன் கூரையைக் காட்டி, “அம்மா, அந்த வெள்ளை டப்பா நம்மள வீடியோ எடுக்குதா? கண்ணு சிமிட்டுது பாரு” என்றானாம். பக்கத்தில் இருந்தவர் கேமராதான் என்று சொல்லியிருக்கிறார். “எனக்கு நம்பிக்கை வரவில்லை. அது என்ன சார்?” என்று கேட்டிருந்தார்.

கேமரா இல்லை. அது ஸ்மோக் டிடெக்டர், புகை உணரி. உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளை வட்டம், விளிம்பைச் சுற்றிச் சன்னமான பிளவு, பிளவுக்குள் கொசுவலை மாதிரி ஒரு வலை, ஓரத்தில் மிளகு அளவு சிவப்பு விளக்கு. விளக்கு சில நொடிகளுக்கு ஒருமுறை மினுக்கினால் கருவி விழித்திருக்கிறது. மினுக்காத ரகங்களும் உண்டு. விடாமல் எரிந்தால் அது புகையைப் பார்த்துவிட்டது என்று அர்த்தம்.

‘பார்த்துவிட்டது’ என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். பலர் இதை ஒரு மூக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே இருப்பது கண், அதுவும் இருட்டில் காத்திருக்கும் கண்.

தீ அலாரம் பராமரிப்பு வேலையில் இருக்கும் நண்பர் ஒருவர், ஆயுள் முடிந்து கழற்றிய டிடெக்டர் ஒன்றை எனக்குக் கொடுத்தார். மேல்மூடியைத் திருகி எடுத்தால் வலை. வலையை உருவினால் கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒரு சின்ன வட்ட அறை. அதன் சுற்றுச்சுவர் முழுக்க வளைந்த தகடுகள், ஒன்றை ஒன்று மறைத்தபடி நிற்கின்றன. காற்று இந்தத் தகடுகளுக்கு இடையே நெளிந்து உள்ளே போய்விடும். வெளிச்சத்துக்கு நெளியத் தெரியாது. முதல் வளைவிலேயே கறுப்பில் பட்டு அடங்கிவிடும். பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் இருட்டறைக்குக் கதவு இல்லாமல் வளைந்து வளைந்து போகிற வழி வைத்திருப்பார்கள். அதே உத்திதான், எலுமிச்சம்பழ அளவில்.

அறைக்குள் ஓர் எல்.இ.டி., ஓர் ஒளியுணரி. எல்.இ.டி. விடுவது பெரும்பாலும் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. உணரியை அதற்கு நேர் எதிரே வைத்திருப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றும்: புகை வந்தால் ஒளி மறையும், உடனே அலாரம் அடிக்கும். அப்படி வைக்கவில்லை. கொஞ்சம் திருப்பி, ஒளி போகும் பாதைக்கு வெளியே வைத்து, நடுவில் ஒரு தடுப்பும் போட்டிருக்கிறார்கள். காற்று சுத்தமாக இருக்கும்வரை, எல்.இ.டி. ஒளிர்ந்தாலும் உணரிக்கு ஏறக்குறைய எதுவும் தெரியாது. புகை நுழைந்தால்தான் துகள்களில் ஒளி பட்டுச் சிதறி, ஒரு துளி உணரியின் மேல் விழும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நல்ல வெயிலில் ஒருவர் டார்ச்சை அணைத்தால் யாருக்கும் தெரியாது. அமாவாசை இருட்டில் தீக்குச்சி கிழித்தால் நாலு வயல் தாண்டியும் தெரியும். நூறு தொண்ணூற்றொன்பதாகக் குறைவதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்; பூஜ்யம் ஒன்றாவதைக் கண்டுபிடிப்பது சுலபம். அதனால்தான் இவ்வளவு பாடுபட்டு ஓர் இருட்டை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள்.

சிதறல் நமக்குப் புதிதில்லை. ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்கள் கண்ணாடி ஓட்டை நினைத்துப் பாருங்கள். விறகடுப்பு மூட்டாத நேரத்தில் தரையில் ஒரு வெளிச்சச் சதுரம் மட்டும் கிடக்கும். அடுப்பு மூட்டியதும் கூரையிலிருந்து தரை வரைக்கும் வெயில் ஒரு தூணாக எழுந்து நிற்கும். வெயில் முன்பும் அங்கேதான் இருந்தது. புகை வந்து அதைப் பக்கவாட்டில் சிதறடித்ததும் நம் கண்ணுக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஜான் டிண்டால் இதைத்தான் ஆராய்ந்தார், டிண்டால் விளைவு என்று பள்ளியில் படித்திருப்போம்.

சிதறலிலும் ஒரு ஓரவஞ்சனை உண்டு. துகளின் அளவு ஒளியின் அலைநீளத்தை நெருங்கும்போது, ஒளி எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறாது, முன்பக்கமாகவே அதிகம் போகும். மாலையில் மேற்கு நோக்கிப் போகும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். முன்கண்ணாடியின் தூசு முழுக்கப் பற்றி எரிகிற மாதிரி பளபளக்கும், சாலை தெரியாது. பஸ் கிழக்கே திரும்பினால் அதே கண்ணாடி துடைத்துவைத்தது போல இருக்கும். டிடெக்டருக்குள் உணரியைப் பெரும்பாலும் இந்த முன்சிதறல் விழும் பக்கமாக வைப்பதும் இதனால்தான்.

எல்.இ.டி. எப்போதும் எரிவதில்லை. சில நொடிகளுக்கு ஒருமுறை, கண நேரம். ஒருமுறை ஒளி தென்பட்டதும் கூச்சலிடாமல், அடுத்தடுத்த துடிப்புகளிலும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அலாரம் கொடுக்கும். இல்லாவிட்டால் உள்ளே நுழைந்த ஒரு சிறு பூச்சிக்கே கட்டடம் முழுக்கக் காலி செய்ய வேண்டியிருக்கும்.

அப்புறம் வழக்கமான கேள்வி: ஆயுத பூஜை அன்று ஆபீஸில் சாம்பிராணி போட்டால் அடிக்குமா? அடிக்கும். சாம்பிராணியின் கனத்த வெண்புகை ஒளியை நன்றாகச் சிதறடிக்கும், கருவிக்கு அது மிகத் தெளிவாகத் தெரியும். கருவிக்குத் தெய்வப் புகை, தீப் புகை என்ற பேதம் கிடையாது. ஹோட்டல் அறையில் சுடுநீரில் குளித்துவிட்டுக் கதவைத் திறந்தால் வரும் ஆவிக்கும் சில சமயம் அடிக்கும். இப்போது நீல ஒளி, அகச்சிவப்பு ஒளி இரண்டையும் மாற்றி மாற்றி விடும் கருவிகள் வந்திருக்கின்றன. புகைத் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கு, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு, குறைவு. ஆவித்துளியும் தூசும் அதைவிடப் பெரியவை. சின்னத் துகள் நீலத்தை அதிகம் சிதறடிக்கும், பெரிய துகளுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டையும் ஒப்பிட்டாலே வந்தது யார் என்று தெரிந்துவிடும்.

மற்ற ரகங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சமையலறையிலும் கார் நிறுத்துமிடத்திலும் புகை சகஜம் என்பதால் அங்கே இருப்பது வெப்ப உணரி. நடுவில் பாசிமணி மாதிரி ஒரு சின்ன உருண்டை வெளியே தெரியும். கூரையிலிருந்து தொங்கும் குழாய்முனையில் சிவப்புத் திரவம் அடைத்த கண்ணாடிக் குப்பி இருந்தால் அது ஸ்பிரிங்க்ளர், 68 டிகிரி செல்சியஸில் உடையும். உடைந்தது மட்டும்தான் தண்ணீர் கொட்டும். சினிமாவில் வருகிற மாதிரி ஒன்று உடைந்தால் எல்லாம் சேர்ந்து மழை பெய்யாது. விமான நிலையம் போல உயரமான கூடங்களில் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு அகச்சிவப்புக் கற்றை ஓடும். அங்கே மட்டும் ஒளி மறைவதைத்தான் பார்க்கிறார்கள். லாட்ஜ் அறை வாசலுக்கு மேலே சின்னப் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கைக் கவனித்திருக்கிறீர்களா? அது ஆர்.ஐ., அதாவது ரெஸ்பான்ஸ் இண்டிகேட்டர். பூட்டிய அறைக்குள் டிடெக்டர் புகையைக் கண்டால், வெளியே ஓடிவருகிறவர்களுக்கு எந்த அறை என்று காட்டுவது அதுதான்.

டேட்டா சென்டர்களில் வேறு ஒன்று உண்டு. மெல்லிய குழாய்களில் அறையின் காற்றை விடாமல் உறிஞ்சிச் சோதிக்கும் கருவி, வெஸ்டா என்பது அதில் பேர்பெற்றது. 1970களில் ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் விஞ்ஞானிகள் காட்டுத்தீப் புகையை அளக்க ஒரு சிதறல்மானியை, ஒளி எவ்வளவு சிதறுகிறது என்று அளக்கும் கருவியை, வைத்திருந்தார்கள். தொலைபேசி நிலையங்களில் தீயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வழி கேட்டு அரசுத் துறை வந்தபோது, அந்தக் கருவியையே வைத்துப் பார்த்தார்கள். மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு அது சொன்னது. காட்டுப் புகையை அளக்க நம் ஊரில் ஒரு ஆராய்ச்சியாளர் பணம் கேட்டால், ‘இதனால் என்ன பயன்’ என்பதுதான் முதல் கேள்வியாக வரும். பயன் தெரியாத காலத்திலும் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆஸ்பத்திரியிலோ மாலிலோ நுழைந்ததும் நான் தேடுவது இரண்டு. ஒன்று, படிக்கட்டுக்குப் பக்கத்தில் நெஞ்சுயரத்தில் இருக்கும் சிவப்புப் பெட்டி, எம்.சி.பி. (மேனுவல் கால் பாயிண்ட்) என்பார்கள், நடுவில் உள்ள கண்ணாடியையோ பிளாஸ்டிக்கையோ அழுத்தினால் ஹூட்டர் கத்தும். மற்றது, செக்யூரிட்டி மேசைக்குப் பின்னால் இருக்கும் தீ அலாரம் பேனல். சாதாரண ரகத்தில், டிடெக்டர்களுக்குப் போகும் இரண்டு கம்பிகளிலும் பேனல் எப்போதும் கொஞ்சம் மின்னோட்டத்தை ஓடவிடும், கம்பியின் கடைசியில் ஒரு மின்தடை அதைத் திருப்பி அனுப்பும். டிடெக்டர் புகையைக் கண்டால் மின்னோட்டம் கூடும், சிவப்பு விளக்கு. எலி கம்பியைக் கடித்தால் மின்னோட்டம் நின்றுவிடும், மஞ்சள் விளக்கு. தன் கை முறிந்தால் தானே சொல்லும் ஏற்பாடு இது. ஆனால் மஞ்சள் விளக்கு மாதக்கணக்கில் எரிகிற பேனல்களைப் பார்த்திருக்கிறேன். பீப் சத்தம் தொல்லையாக இருக்கிறதென்று அமுக்கி வைத்திருந்தார்கள்.

2011 டிசம்பர் 9 அதிகாலை, கொல்கத்தாவின் ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் அடித்தளத்தில் பிடித்த தீயின் புகை மேல்மாடிகளுக்கு ஏறி, சுமார் 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் படுக்கையிலிருந்து எழ முடியாத நோயாளிகள், மூச்சுத்திணறிப் போனார்கள். 1997இல் டெல்லி உப்ஹார் தியேட்டரில் 59 பேர் இறந்ததும் புகையால்தான். நம் ஊரில் கல்யாண மண்டபம் கட்டுகிறவர்கள் சமையலறை அக்னி மூலையில் வருகிறதா என்று வாஸ்து பார்ப்பவரை இரண்டு முறை அழைத்துக் கேட்கிறார்கள். தென்கிழக்கு மூலைக்குத் தீயைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தச் செலவில் பாதியை வைத்து டிடெக்டர்களைச் சோதித்துப் பார்க்கலாம்.

போன மாதம் புதிதாகத் திறந்த ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். வராந்தாக் கூரையில் ஐந்து டிடெக்டர்கள், ஐந்தின் மேலும் ஆரஞ்சு நிறத்தில் பிளாஸ்டிக் மூடி. கட்டட வேலை நடக்கும்போது சிமெண்ட் தூசு உள்ளே போகாமல் இருக்கப் போடுவது. வேலை முடிந்ததும் எடுக்க வேண்டும், யாரும் எடுக்கவில்லை. புகை வந்தால் ஐந்துக்கும் ஒன்றும் தெரியாது. செக்யூரிட்டி அண்ணனிடம் காட்டினேன். “டிசைன்னு நெனச்சேன் சார்” என்றார், உடனே யாருக்கோ போன் செய்தார். அடுத்த வாரம் போனபோது வராந்தாவில் ஐந்து மூடிகளும் எடுக்கப்பட்டு, சிவப்பு விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. லிஃப்டில் இரண்டாம் மாடிக்குப் போனேன். அங்கே மூடிகள் அப்படியே இருந்தன. கீழே இறங்கி வந்து, அதே அண்ணனிடம் மறுபடியும் சொல்லிவிட்டு வந்தேன்.