பேட்டரி: மின்கலமும் அல்ல, கொத்தளமும் அல்ல

துறைமுகக் காவல் பற்றிய மொழிபெயர்ப்பு ஒன்றில், கரையோரம் நிறுவப்பட்ட ‘மின்கலங்கள்’ எதிரிக் கப்பல்களைச் சுட்டு விரட்டியதாகப் படித்தேன். மூலத்தில் இருந்தது பீரங்கித் தொகுதியைக் குறிக்கும் ‘பேட்டரி’ என்ற ஆங்கிலச் சொல். சிரிப்பு வந்தாலும், பேட்டரி என்றதும் நம் எல்லோருக்கும் டார்ச்சும் கைபேசியும்தானே நினைவுக்கு வருகின்றன?

இந்தச் சொல்லுக்கும் மின்சாரத்துக்கும் ஆதியில் தொடர்பே கிடையாது. இலத்தீனில் அடித்தலைக் குறித்த வினையிலிருந்து பிரெஞ்சில் ‘பாத்ரி’ ஆகி, பிறகு ஆங்கிலத்துக்கு வந்தது. ஒருவரை அடிக்கும் குற்றத்தை ஆங்கிலச் சட்டம் இன்றும் பேட்டரி என்றே சொல்கிறது. போர்க்களத்தில் அது முதலில் மதிலைச் சுட்டுத் தகர்க்கும் செயலைக் குறித்தது. பின்னர் அப்படித் தகர்க்கும் பீரங்கிகளின் வரிசைக்கும், அவை நிற்கும் இடத்துக்கும் அதே பெயர் நிலைத்தது. மின்சாரத்துக்கு இதை இரவல் வாங்கியவர் பெஞ்சமின் பிராங்க்ளின். 1749இல் ஈயத் தகடு பொருத்திய 11 கண்ணாடிப் பலகைகளை இணைத்து, அந்தத் தொகுப்பை ‘மின் பேட்டரி’ என்றார். பல பீரங்கிகள் ஒரே நேரத்தில் முழங்குவதுபோல, பல தகடுகளின் மின்னூட்டம் ஒருசேர வெளிப்படும். ஆகவே கறாராகப் பார்த்தால் மின்சாரப் பேட்டரிகூட மின்கலம் அல்ல, மின்கல அடுக்கு.

சரி, பீரங்கிப் பேட்டரிக்குத் தமிழில் என்ன? சிலர் ‘கொத்தளம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொத்தளம் கோட்டை மதிலிலிருந்து துருத்தி நிற்கும் உறுப்பு. மதில் இல்லாமல் கொத்தளம் இல்லை. பேட்டரிக்கோ ஒரு மண்மேடு போதும். 1862 ஏப்ரலில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்ததே இதற்குச் சாட்சி. சவானா துறைமுகத்தைக் காத்த புலாஸ்கி கோட்டையின் செங்கல் மதில் ஏழரை அடி தடிமன். உள்நாட்டுப் போரில் அதை முற்றுகையிட்ட வடமாநிலப் படையினர் எதிரே டைபீ தீவின் மணலில் பேட்டரிகளை அமைத்து, குழலின் உட்புறம் சுருள் வரி வெட்டிய புதுவகைப் பீரங்கிகளால் சுட்டார்கள். சுமார் 30 மணி நேரத்தில் மதில் பிளந்தது, கோட்டை சரணடைந்தது. அடித்தது பேட்டரி, அடிவாங்கியது கோட்டை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் இந்தக் கதையையே தமிழில் சொல்ல முடியாது.

பேட்டரி தரையில்தான் நிற்க வேண்டும் என்பதும் இல்லை. 1782 செப்டம்பரில் பிரிட்டன் வசமிருந்த ஜிப்ரால்டர் கோட்டையைத் தாக்க, கனத்த மரப்பக்கங்கள் கொண்ட 10 மிதக்கும் பேட்டரிகள் வந்தன. கரையிலிருந்தவர்கள் குண்டுகளை உலையில் செக்கச்செவேலெனக் காய்ச்சிச் சுட்டார்கள், பத்தும் அழிந்தன.

இடையில் பீரங்கி என்ற சொல்லையும் பார்த்துவிடலாம். அதுவும் பறங்கியும் உடன்பிறப்புகள். ஐரோப்பியரைக் குறித்த ‘ஃபிரங்கி’ என்பதே இரண்டுக்கும் மூலம் என்பார்கள். சீனரும் போர்த்துக்கீசியரையும் அவர்கள் கொண்டுவந்த பீரங்கியையும் ‘ஃபொலாங்ஜி’ என்ற ஒரே பெயரால்தான் அழைத்தார்கள். ஆளின் பெயரே ஆயுதத்துக்கும் ஆகிவிட்டது.

என் பரிந்துரை இது. சேர்ந்து இயங்கும் பீரங்கிகளையும் அவற்றை இயக்கும் வீரர்களையும் சொல்லும்போது ‘பீரங்கி அணி’. அவை நிற்கும் இடத்தைச் சொல்லும்போது ‘பீரங்கி மேடை’. கடலில் என்றால் ‘மிதக்கும் பீரங்கி மேடை’. சுவரில் பீரங்கி வாய் நீட்டும் திறப்புக்குப் புதுச்சொல் தேடி அலைய வேண்டாம். மதில்மேல் மறைந்து நின்று அம்பு எய்யும் இடத்துக்குப் பழந்தமிழில் ‘ஞாயில்’ என்ற பெயர் உண்டு. அம்புக்குப் பதில் குண்டு, அவ்வளவே.

‘அணி’ என்ற சொல்லை நான் விட்டுக்கொடுக்காததற்கு நார்வே ஒரு காரணம். 1940 ஏப்ரல் 9 அதிகாலை, ஆஸ்லோவை நோக்கி வந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் ‘ப்ளூஷர்’மீது ஆஸ்கர்ஸ்போர்க் கோட்டையின் பழைய 28 செ.மீ. பீரங்கிகள் இரண்டு குண்டுகளைப் பாய்ச்சின. தொடர்ந்து பக்கத்துத் தீவின் பாறைக்குள் மறைத்து வைத்திருந்த டார்பிடோக்கள் பாய, கப்பல் மூழ்கியது. டார்பிடோ ஏவிய அந்தத் தொகுதிக்கும் பெயர் பேட்டரிதான். அங்கே ஒரு பீரங்கிகூட இல்லை; ‘டார்பிடோ அணி’ என்றால் பொருந்துகிறது.