மூக்கொழுகும் குழந்தைக்குக் கோவிட் பரிசோதனை: முதலில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

மழைக்காலம் தொடங்கியதும் என் புறநோயாளர் பிரிவில் ஒரே கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். "வெறும் தடுமன்தான்னு நினைக்கிறோம் டாக்டர், இருந்தாலும் ஒரு கொரோனா டெஸ்ட் எடுத்துடலாமா?" மூன்று வயதுக் குழந்தை தாயின் மடியில் மூக்கொழுக உட்கார்ந்து என் மேசையிலிருக்கும் பொம்மையை எட்டிப் பிடிக்க முயன்றுகொண்டிருக்கும், தந்தையின் கையில் மருந்துக் கடையில் வாங்கிய பரிசோதனைப் பெட்டி பிரிக்கப்படாமல் இருக்கும். 2025 மே, ஜூன் மாதங்களில் இந்தியாவில் தொற்று மறுபடியும் சற்று உயர்ந்தபோது இந்தக் கேள்வி இன்னும் அதிகமாயிற்று. இதற்கு எல்லாக் குடும்பங்களுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. ஆனால் விடையை எந்தப் பக்கமிருந்து தேட வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்ல முடியும்.

பள்ளிக்கோ அங்கன்வாடிக்கோ செல்லத் தொடங்கிய குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பானதே. ஒவ்வொரு முறையும் அது ஏழு முதல் பத்து நாட்கள் நீடிக்கும். இருமல் மட்டும் இரண்டு, மூன்று வாரங்கள்கூடத் தொடரலாம். கணக்கிட்டுப் பார்த்தால், மழையும் பனியும் சேர்ந்த மாதங்களில் ஒரு சளி முழுமையாக விடுவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும் என்பதும், "என் பிள்ளைக்கு எப்போதும் சளிதான்" என்று தாய்மார்கள் வருந்துவது மிகையல்ல என்பதும் புரியும். இவற்றுள் பெரும்பங்கு ரைனோவைரஸ் வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு அடுத்து ஆர்.எஸ்.வி., இன்ஃப்ளூயன்சா, பாராஇன்ஃப்ளூயன்சா, அடினோவைரஸ் ஆகியவை உண்டு. 2019க்கு முன்பிருந்தே நம் குழந்தைகளுக்குச் சாதாரணச் சளியை உண்டாக்கிவரும் கொரோனா வைரஸ்களே நான்கு இருக்கின்றன. கோவிட் இந்த வரிசையில் இன்று ஒரு பெயர்.

"பார்த்தாலே தெரியாதா டாக்டர்?" என்று கேட்பவர்களிடம், தெரியாது என்றே சொல்கிறேன். தொடக்க ஆண்டுகளில் மணமும் சுவையும் போவது ஓர் அடையாளமாக இருந்தது; ஒமிக்ரான் வகைகள் பரவிய பிறகு அது குறைந்துவிட்டது. இரண்டு வயதுக் குழந்தையால் மணம் தெரியவில்லை என்று சொல்லவும் முடியாது. மூக்கொழுகல், தொண்டை வலி, காய்ச்சல், இருமல், சில குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆகிய இவை எல்லாக் கிருமிகளுக்கும் பொதுவானவை. ஒமிக்ரான் காலத்தில் நாய் குரைப்பதைப் போன்ற இருமலுடன் வந்த குழந்தைகளைக் கண்டோம். ஆனால் அந்த இருமலை நெடுங்காலமாக உண்டாக்கி வந்தது பாராஇன்ஃப்ளூயன்சா. சளி பச்சையாக இருப்பதும், மஞ்சளாக மாறுவதும் எந்தக் கிருமி என்பதையோ ஆன்டிபயாட்டிக் தேவை என்பதையோ காட்டுவதில்லை.

அறிகுறிகளைக் கொண்டு பிரித்தறிய முடியாது என்றால் எதைக் கொண்டு முடிவெடுப்பது? இதை எனக்குக் கற்றுத் தந்தது 2022ஆம் ஆண்டுப் பொங்கல். பண்டிகைக்கு இரண்டு நாட்களுக்கு முன் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி மூக்கொழுகலோடு வந்தாள். காய்ச்சல் லேசாக இருந்தது, நன்றாகச் சாப்பிட்டாள், மார்பில் எந்தச் சத்தமும் இல்லை. "சாதாரணச் சளிதான், கவலைப்பட வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினேன். அவளைப் பொறுத்தவரை நான் சொன்னதில் பிழையில்லை. மூன்றாம் நாள் அவள் நலமாகிவிட்டாள். ஆனால் அந்தக் குடும்பம் பொங்கலுக்குச் சொந்த ஊருக்குச் சென்றது. அங்கே, சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு நோயெதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரைகளை உட்கொண்டுவந்த தாத்தா இருந்தார். ஒரு வாரத்தில் அவருக்குக் கோவிட் உறுதியாகி, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டார். உயிர் பிழைத்தார், மாற்றப்பட்ட சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பேத்தியிடமிருந்துதான் அவருக்குத் தொற்றியது என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. அந்த வாரத்தில் நோய் எங்கும் பரவியிருந்தது. (இப்படி நேர்ந்த வீடுகளில், "உன்னால்தான் தாத்தாவுக்கு வந்தது" என்ற பேச்சு விளையாட்டாகக்கூடக் குழந்தையின் காதில் விழக் கூடாது.) ஆனால் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், பண்டிகைக்கு எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அன்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்காமல் சளி பிடித்த எந்தக் குழந்தையையும் அனுப்பியதில்லை.

சிறு குழந்தைக்குச் செய்யப்படும் கோவிட் பரிசோதனையின் பயன் பெரும்பாலும் அந்தக் குழந்தையைவிட, அதைச் சுற்றியிருப்பவர்களுக்கே உரியது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் பாட்டி, புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளும் சித்தப்பா, கருவுற்றிருக்கும் தாய், பிறந்து சில வாரங்களே ஆன தங்கை, நாட்பட்ட நுரையீரல் நோயுள்ள தாத்தா ஆகிய இவர்களில் ஒருவர் அந்த வீட்டில் இருந்தாலோ, அடுத்த சில நாட்களில் அவர்களைச் சந்திக்க வேண்டியிருந்தாலோ, குழந்தையின் மூக்கொழுகல் எவ்வளவு லேசாக இருந்தாலும் பரிசோதித்துவிடுவது நல்லது. முதியவர்களுக்குக் கோவிட் தீவிரமாகாமல் தடுக்கும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளை அறிகுறி தோன்றிய ஐந்து நாட்களுக்குள் தொடங்க வேண்டும். பேரனுக்குத் தொற்று இருப்பது தெரிந்திருந்தால், பாட்டிக்குத் தொண்டை கரகரக்கத் தொடங்கிய அன்றே அவருக்கும் பரிசோதித்து மருத்துவரிடம் செல்ல முடியும். தெரியாவிட்டால் கஷாயம் குடித்தும் வெந்நீர் கொப்பளித்தும் அந்த ஐந்து நாட்கள் கழிந்துவிடும்.

குழந்தைக்காகவே பரிசோதனை தேவைப்படும் நிலைகளும் உண்டு. பிறவி இதய நோய், நெஃப்ராட்டிக் எனப்படும் சிறுநீரக நோய்க்காகத் தொடர்ந்து ஸ்டீராய்டு எடுத்துவருதல், புற்றுநோய்ச் சிகிச்சை ஆகியவை இருந்தால் சளியின் காரணத்தை அறிவது சிகிச்சையை மாற்றக்கூடும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் மயக்க மருந்து தருபவரிடம் சளி பற்றி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இவை எதுவும் பொருந்தாத வீட்டில், நன்றாக விளையாடி, போதுமான அளவு நீர் குடித்து, சிறுநீர் கழிக்கும் குழந்தைக்குச் சளி மட்டும் இருந்தால், பரிசோதனை முடிவு எதுவாக வந்தாலும் நான் எழுதித் தரும் சீட்டு ஒன்றுதான்: காய்ச்சலுக்கு எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, அடிக்கடி நீராகாரம், ஓய்வு. இந்தியச் சுகாதாரத் துறை 2022 ஜனவரியில் குழந்தைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டியும் லேசான கோவிடுக்கு ஸ்டீராய்டு தீங்கானது என்றே கூறியது. மூக்கடைப்புக்கும் சளிக்கும் பரவலாகத் தரப்பட்டுவந்த குளோர்பெனிரமின், பினைலெப்ரின் கலவைச் சிரப்பை நான்கு வயதுக்குக் கீழ் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவித்ததையும் நினைவூட்டுகிறேன். போன மழைக்கு வாங்கிய பாட்டில் அலமாரியில் மிச்சமிருந்தால் கொட்டிவிடுங்கள். சிறு குழந்தைகளைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் அருகே ஆவி பிடிக்க வைக்கவே வேண்டாம். அந்தப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன தொடைகளைச் சளியைவிட அதிக வேதனையோடு பார்த்திருக்கிறேன்.

பரிசோதனையைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. "நெகட்டிவ்" என்ற சொல் தரும் நிம்மதி ஆபத்தானதாக மாறக்கூடும். சென்ற ஆண்டு ஐப்பசியில், ஐந்து வயதுச் சிறுவனுக்கு இரண்டாம் நாள் காய்ச்சலில் வீட்டிலேயே சோதித்து, கோவிட் இல்லை என்று கண்டு, பெற்றோர் அமைதியாக இருந்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நோய் விட்டது என்று மகிழ்ந்த அன்று மாலையே அவன் வயிற்று வலியாலும் தொடர் வாந்தியாலும் துவண்டு, கைகால் சில்லிட்ட நிலையில் வந்து சேர்ந்தான். அது டெங்கு. நம் ஊர்களில் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மூக்கொழுகலோ இருமலோ இல்லாமல் கடுங்காய்ச்சல் மட்டும் வந்தால், முதலில் நினைக்க வேண்டியது அந்த நோயைத்தான். அதில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் குறையும் வேளையில்தான் தொடங்குகிறது. அச்சிறுவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் பரிசோதனைப் பெட்டி ஒரேயொரு கேள்விக்குத்தான் விடை சொல்லும் என்பதை அந்தத் தாய்க்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

எனவே குழந்தையின் உடல்நிலையைப் பெட்டியைக் கொண்டு அளக்காமல் மூச்சைக் கொண்டு அளவிடுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது, முடிந்தால் தூங்கும்போது, சட்டையை உயர்த்தி ஒரு முழு நிமிடம் வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்கு நிமிடத்துக்கு 60, ஒரு வயது வரை 50, அதன்பின் ஐந்து வயது வரை 40 என்ற எண்ணிக்கையைத் தொட்டாலே அது வேக மூச்சு என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே குழி விழுவது, முனகல், உதடு நீலம் பாய்வது, பால் குடிக்க முடியாமல் விட்டுவிட்டு அழுவது, எழுப்பினாலும் எழாத அசதி, வலிப்பு, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காதது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், பரிசோதனைக்குக் காத்திருக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்கு வாருங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்துவிட்டால், வேறு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் வர வேண்டும்.

பரிசோதிப்பது என்று முடிவெடுத்தால், எந்த நாளில் எடுக்கிறோம் என்பது முடிவைப் பாதிக்கும். வீட்டுப் பெட்டியால் செய்யப்படும் ஆன்டிஜன் பரிசோதனை, அறிகுறி தோன்றிய முதல் நாளில் பெரும்பாலும் தொற்றைத் தவறவிடும். வைரஸின் அளவு அதற்குள் போதுமான அளவு உயர்ந்திருக்காது. பாசிட்டிவ் என்று வந்தால் நம்பலாம். நெகட்டிவ் என்று வந்தால் நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். இரண்டு முடிவுகளுக்கும் இடைப்பட்ட நாட்களில் பாட்டியின் அறைக்குக் குழந்தையை அனுப்பக் கூடாது. ஐயம் தீர வேண்டிய அவசரம் இருக்கும் வீடுகளில் ஆர்.டி.-பி.சி.ஆர். பரிசோதனையே சரி.

மாதிரி எடுக்கும் முறையால் குழந்தை பயந்துவிட்டால் அடுத்த முறை மருத்துவமனை வாசலிலேயே அழத் தொடங்கும். ஒருவர் மடியில் குழந்தையை முதுகு சாய்த்து உட்கார வைத்து, ஒரு கையால் நெற்றியையும் மறு கையால் இரு கைகளையும் அணைத்துக்கொள்ள, மற்றொருவர் மாதிரியை எடுக்கலாம். முதலில் மூக்கைச் சிந்தித் துடைத்துவிட வேண்டும். குச்சியை மேல்நோக்கி ஏற்றாமல் மூக்கின் தரைக்கு இணையாக, வழிமுறைத்தாளில் சொல்லப்பட்ட ஆழத்துக்கு மட்டும் செலுத்தி, இரு துளைகளிலும் பக்கச் சுவரைத் தொட்டுச் சுழற்றினால் போதும். "வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்லாதீர்கள். "கூசும், கண்ணில் தண்ணீர் வரும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும்" என்று சொல்லிவிட்டு, உண்மையாகவே பத்து எண்ணுங்கள். தாளில் குறித்த நேரத்தைக் கடந்து தோன்றும் மங்கலான கோட்டைப் பொருட்படுத்த வேண்டாம்.

பாசிட்டிவ் என்று வந்தால் அச்சம் வேண்டாம். ஆரோக்கியமான குழந்தைகளில் பெரும்பாலோர் சில நாட்களில் தேறிவிடுகிறார்கள். ஏற்கெனவே வேறு நோயுள்ள பெரியவரை வேறு அறைக்கு மாற்றுவதும், அவரைப் பார்த்துக்கொள்பவர் முகக்கவசம் அணிவதும், சன்னல்களைத் திறந்து வைப்பதும்தான் முதல் வேலை. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு முகக்கவசம் போட்டுவிடப் போராட வேண்டாம். பள்ளிக்குத் திரும்ப "நெகட்டிவ் சான்று" கேட்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது, ஆர்.டி.-பி.சி.ஆர். முடிவு நோய் நீங்கிய பிறகும் சில வாரங்கள் பாசிட்டிவாகவே இருக்கக்கூடும் என்பதால், அந்தச் சான்றுக்காகக் குழந்தையை மீண்டும் சோதிப்பதில் பொருளில்லை. 2022 ஜனவரியில் வந்த மத்திய அரசின் வீட்டுத் தனிமை விதியே, பாசிட்டிவ் ஆன நாளிலிருந்து ஏழு நாட்களும் தொடர்ந்து மூன்று நாட்கள் காய்ச்சலின்மையும் போதும், மறுபரிசோதனை தேவையில்லை என்று சொன்னது.

பாசிட்டிவ் ஆன தேதியைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையில் ஒரு மூலையில் எழுதி வையுங்கள். கோவிட் வந்துபோன இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள், மிகச் சில குழந்தைகளுக்கு உடலின் பல உறுப்புகளைப் பாதிக்கும் அழற்சி நோய் தோன்றுவதுண்டு. முன்பைவிட இப்போது அது மிகவும் அரிது. அந்த வாரங்களில் விடாத காய்ச்சலோடு கண் சிவத்தல், தோலில் தடிப்பு, உதடு வெடித்தல், கடும் வயிற்று வலி ஆகியவை வந்தால் அந்த அட்டையோடு வாருங்கள்; ஓரத்தில் எழுதிய அந்தத் தேதியைப் பார்த்ததும் இதயத்துக்கு எக்கோ எடுக்க வேண்டுமா என்பதை மருத்துவர் அப்போதே தீர்மானித்துவிடுவார்.